எப்போ பார்த்தாலும் ரயில் நம்பர்தானா?

விழுப்புரம் ஜங்ஷனிலிருந்து ஐந்து திசைக்குத் தண்டவாளம் பிரிகிறது. சென்னைக்கு ஒன்று, விருத்தாசலம் வழியாகத் திருச்சிக்கு ஒன்று, கடலூர் வழியாக மயிலாடுதுறைக்கு ஒன்று, புதுச்சேரிக்கு ஒன்று, திருவண்ணாமலை வழியாகக் காட்பாடிக்கு ஒன்று. இப்படிப்பட்ட ஊரில் வளர்கிற பையனுக்கு ரயில் மேல் ஆசை வருவதில் என்ன அதிசயம் என்று கேட்பீர்கள்.

ஆனால் இந்தப் பையனைக் கொஞ்சம் பாருங்கள். விளக்கத்துக்காக நாமே வைத்துக்கொண்ட உதாரணப் பையன்தான். என்றாலும் இவன் சாயலில் ஒரு பிள்ளை உங்கள் தெருவிலோ சொந்தத்திலோ இருக்கக்கூடும். வயது ஒன்பது. வீட்டுக்கு மாமா வருகிறார்.

"என்னடா, எப்படி இருக்கே?"

"ஒண்ணு ரெண்டு ஆறு மூணு அஞ்சு. வைகை."

"சாப்டியா?"

"பழைய நம்பர் ரெண்டு ஆறு மூணு அஞ்சு. 2010 டிசம்பர்ல முன்னாடி ஒண்ணு சேர்த்தாங்க."

மாமா விழுந்து விழுந்து சிரிக்கிறார். அம்மா சிரிக்கவில்லை. காலையிலிருந்து அதே வைகையை அவள் எத்தனையாவது முறையாகக் கேட்கிறாளோ! பையன் சொன்னது தப்பும் இல்லை. அந்த மாதத்தில்தான் நாடு முழுக்க ரயில் எண்கள் நான்கு இலக்கத்திலிருந்து ஐந்து இலக்கமாக மாறின. கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் வரவில்லை, அவ்வளவுதான்.

அரையாண்டுப் பரீட்சையில் மார்க் குறைகிறது. அப்பாவுக்குக் கோபம். "எப்போ பார்த்தாலும் ரயில் நம்பர்தானா?" என்று பையனின் ரயில் நோட்டைக் கிழித்துக் குப்பையில் போடுகிறார். அன்றிலிருந்து பிள்ளை தூங்குவதில்லை. கையைக் கடித்துக்கொள்கிறான். கொஞ்சநஞ்சம் வந்துகொண்டிருந்த பேச்சும் நின்றுவிடுகிறது. அப்பா கெட்டவர் இல்லை. அவர் கிழித்தது வெறும் நோட்டு இல்லை என்பதை அவருக்கு யாரும் சொல்லவில்லை.

ஒரே வாய்க்காலில் பாயும் தண்ணீர்

ஆட்டிசம் என்பதைத் தமிழில் மதியிறுக்கம் என்கிறோம். மூளை கருவிலிருந்தே வேறு விதமாக வளர்வதால் வருவது. தொற்றுநோய் அல்ல. தடுப்பூசியால் வருவதல்ல, அதைப் பல நாடுகளில் லட்சக்கணக்கான குழந்தைகளை வைத்துப் பார்த்துவிட்டார்கள். அம்மா பாசம் காட்டாததால் வருவதும் அல்ல. 1967-ல் புரூனோ பெட்டல்ஹைம் என்பவர் அம்மாக்கள் மேல் பழிபோட்டு ஒரு புத்தகமே எழுதினார். அந்தக் கருத்தை மருத்துவ உலகம் எப்போதோ தூக்கிப் போட்டுவிட்டது. நம் வீட்டுத் திண்ணைகளில் மட்டும் அது இன்னும் உட்கார்ந்திருக்கிறது! உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில், 2021-ல் உலகில் 127 பேருக்கு ஒருவர் ஆட்டிசம் உள்ளவர். அப்படியானால் ஒரு பெரிய பள்ளிக்கூடத்தில் எத்தனை பேர் இருப்பார்கள் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

டாக்டர்கள் இரண்டு பக்கமும் பார்த்துத்தான் ஆட்டிசம் என்று முடிவு செய்கிறார்கள். மற்றவர்களோடு பழகுவதிலும் பேச்சைக் கொடுத்து வாங்குவதிலும் உள்ள சிரமம் ஒன்று. திரும்பத் திரும்ப ஒரே மாதிரிச் செயல்கள், மாற்றத்தைத் தாங்க முடியாமை, சத்தம், வெளிச்சம் போன்றவற்றில் அளவுக்கு மீறிய கூச்சம் அல்லது ஆசை என்று இருப்பது மற்றொன்று. இந்த இரண்டாம் பக்கத்தில் முக்கியமான ஒரு அடையாளம்தான் நம் பையனின் ரயில். அளவிலோ தன்மையிலோ வழக்கத்துக்கு மாறான, ஆழமான ஒரு ஈடுபாடு. ஆட்டிசம் உள்ளவர்களில் பெரும்பாலானவர்களுக்கு இப்படி ஏதாவது ஒன்று வாழ்க்கையில் ஒரு காலத்திலாவது இருக்கிறது.

ஏன் இப்படி? கிணற்றிலிருந்து மோட்டார் போட்டுத் தண்ணீர் இறைப்பதைப் பார்த்திருப்பீர்கள். மடைகளைப் பிரித்துவிட்டால் பத்துப் பாத்திக்கும் கொஞ்சம் கொஞ்சமாய்ப் பாயும். ஒரே வாய்க்காலில் விட்டால் அந்த ஒரு பாத்தி நிறைந்து வழியும், மற்றது காயும். ஆட்டிசம் உள்ளவரின் கவனம் ஒரே வாய்க்காலில் பாய்கிற தண்ணீர் என்று சில ஆய்வாளர்கள் விளக்குகிறார்கள். கூப்பிட்டால் திரும்பாதது திமிரினால் அல்ல. அந்த நேரத்தில் மற்ற மடைகள் அடைத்திருக்கின்றன.

இன்னொரு காரணமும் உண்டு. மனிதர்களின் முகம் நிமிஷத்துக்கு நிமிஷம் மாறுகிறது. அத்தை சிரித்துக்கொண்டே திட்டுகிறாள். 'வா வா' என்று அழைக்கிறவர் உள்ளுக்குள் போய்த் தொலை என்று நினைக்கிறார். இதெல்லாம் புரியாத பிள்ளைக்கு ரயில் எவ்வளவு நிம்மதி! திண்டிவனத்துக்கு அடுத்து மயிலம், பேரணி, விக்கிரவாண்டி, முண்டியம்பாக்கம், அப்புறம் விழுப்புரம். இந்த வரிசை என்றைக்கும் மாறப்போவதில்லை. நாள் பூராவும் புரியாத உலகத்தில் தத்தளித்துவிட்டு வருகிற பிள்ளை உட்கார்ந்து ஓய்வெடுக்கிற திண்ணை அந்த ரயில் நோட்டு.

ரயில் என்றாலாவது ஊரார் ஒப்புக்கொள்வார்கள். சில ஆசைகள் பெற்றவர்களையே திகைக்க வைக்கும். சீலிங் ஃபேனின் கம்பெனி, இறக்கையின் வளைவு. கரண்ட் மீட்டரில் ஓடும் எண். ரயில்வே கேட்டின் நம்பர். வாஷிங் மெஷின் கடைசிச் சுற்றில் போடும் சத்தம். காலி ஷாம்பு பாக்கெட். அரசுப் பஸ்ஸின் தட நம்பர். திண்டிவனம் மாதிரி நாலாபுறமும் சாலை பிரியும் ஊரில், பழைய 45-ஆம் நம்பர் நெடுஞ்சாலை இப்போது எந்த இடத்தில் 32, எந்த இடத்தில் 132 என்று ஒப்பிக்கிற பிள்ளை இருந்தால் ஆச்சரியப்படாதீர்கள். ஆசைப்படும் பொருள் எது என்பதில் நோய் எதுவும் இல்லை. கிரிக்கெட் ஸ்கோரை ஒப்பித்தால் 'கெட்டிக்காரன்', ஃபேன் மாடலை ஒப்பித்தால் 'ஒரு மாதிரி' என்பது நாம் போடுகிற கணக்குதான்.

காலண்டர் கிழிக்கும் பெண்

திண்டிவனத்தில் இன்னொரு வீடு. இதுவும் உதாரண வீடுதான். பத்து வயதுப் பெண். தினசரி காலண்டர்தான் அவள் உலகம். கிழித்த தாள்களை வருஷவாரியாகக் கட்டிவைத்திருக்கிறாள். பிறந்த தேதியைச் சொன்னால் கிழமையைச் சொல்வாள். ராகு காலம், எமகண்டம், குளிகை எல்லாம் தலைகீழ்ப் பாடம். "என் பேத்தி சாமி குழந்தை" என்று ஆயாவுக்குப் பெருமை. பள்ளியிலும் புகார் இல்லை. "ரொம்ப அமைதிங்க" என்கிறார் டீச்சர். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அவள் தனியாக உட்கார்ந்திருப்பதையும், பக்கத்துப் பெண் சிரிக்கும்போது பார்த்துப் பார்த்துத் தானும் சிரிப்பதையும் யாரும் கவனிப்பதில்லை. வீட்டுக்கு வந்ததும் புத்தகப் பையை எறிந்துவிட்டு ஒரு மணி நேரம் அழுகிறாள். காரணம் அவளுக்கே சொல்லத் தெரியாது.

பெண் குழந்தைகளிடம் ஆட்டிசம் இப்படித்தான் நழுவிப் போகிறது. அவர்களுடைய ஆசை பெரும்பாலும் ஊர் ஒப்புக்கொண்ட பொருளில் இருக்கிறது. பொம்மை, கோலம், பூனைக்குட்டி, சீரியல், ஒரு நடிகை, சாமி. 'பொண்ணுங்கன்னா அப்படித்தான்' என்று விட்டுவிடுகிறோம். நாம் பார்க்க வேண்டியது எதில் ஆசை என்பதை அல்ல. எவ்வளவு ஆசை, அதை விட்டு வெளியே வர முடிகிறதா, கூட ஒரு சிநேகிதி இருக்கிறாளா என்பதைத்தான். பதின்மூன்று, பதினான்கு வயதில் மனச்சோர்வு என்று டாக்டரிடம் போய், அங்கேதான் முதல்முறையாக ஆட்டிசம் என்று தெரிந்துகொள்ளும் பெண்கள் உண்டு. பத்து வருஷம் தாமதம் என்பது லேசுப்பட்ட விஷயம் இல்லை.

இங்கே ஒரு சந்தேகம் வரும். திரும்பத் திரும்பக் கை கழுவுகிறார்களே, அந்த ஓசிடி நோயும் இதுவும் ஒன்றா? இல்லை. அதில் பயம் துரத்துகிறது. செய்பவருக்கே அது பிடிக்கவில்லை, ஆனால் விட முடியவில்லை. இதில் சந்தோஷம் இழுக்கிறது. முகத்தைப் பார்த்தாலே பெரும்பாலும் தெரிந்துவிடும். ஒரே ஆளுக்கு இரண்டும் சேர்ந்து இருப்பதும் உண்டு என்பதால், கடைசித் தீர்ப்பை டாக்டரிடம் விட்டுவிடுங்கள்.

டொனால்டும் சம்சாரி வீடும்

ஆட்டிசத்தை முதன்முதலில் தெளிவாக எழுதிவைத்தவர் லியோ கானர். அமெரிக்காவில் பால்டிமோர் நகரத்தில் குழந்தைகள் மனநல டாக்டர். 1943-ல் அவர் எழுதிய கட்டுரையில் 11 குழந்தைகள். அதில் முதல் பிள்ளை, மிசிசிப்பி மாநிலத்தில் ஃபாரஸ்ட் என்ற சிற்றூரைச் சேர்ந்த டொனால்டு டிரிப்லெட். எதையும் பம்பரம் மாதிரி சுழற்றுவான். எண்களில் மூழ்குவான். ஆள் வந்தால் திரும்பிப் பார்க்க மாட்டான்.

1942-ல், ஒன்பதாவது வயதில், பெற்றோர் அவனை ஊருக்கு வெளியே விவசாயம் செய்துவந்த லூயிஸ் என்ற தம்பதியிடம் விட்டார்கள். அவர்களுக்கு மனநல மருத்துவம் தெரியாது. நம் விக்கிரவாண்டிப் பக்கத்துக் குடியானவர் குடும்பம் மாதிரி வைத்துக்கொள்ளுங்களேன். 1945-ல் கானர் அங்கே போய்ப் பார்த்து அசந்துபோனார். பையன் எதைப் பார்த்தாலும் அளந்துகொண்டே இருந்தானாம். "அளக்காதே" என்று அவர்கள் அதட்டவில்லை. கிணறு தோண்டவைத்து, ஆழம் எவ்வளவு என்று வந்து சொல் என்றார்கள். செத்த பறவை, பூச்சிகளைப் பொறுக்கிக்கொண்டு வந்தான். சீ என்று எறியவில்லை. ஒரு மூலையைக் காட்டி, அதுதான் சுடுகாடு, புதைத்துப் பெயர்ப்பலகை வை என்றார்கள். அவன் ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்து, கடைசியில் லூயிஸ் என்று அந்த வீட்டுக் குடும்பப் பெயரையே சேர்த்து எழுதினான். சோளக்கொல்லை வரிசையை விடாமல் எண்ணிக்கொண்டிருந்தான். சரி, உழுதுகொண்டே எண்ணு என்று ஏரைக் கையில் கொடுத்தார்கள். கானர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பையன் ஆறு நீள வரிசை உழுது, குதிரையை அழகாகத் திருப்பினான்.

இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஒன்று தோன்றும். அந்தப் புஞ்சையில் நடந்ததைவிடப் பெரிய சிகிச்சையைப் பிறகு வந்த பல கிளினிக்குகள் கண்டுபிடிக்கவில்லை. டொனால்டு பட்டப்படிப்பு முடித்தார். சொந்த ஊர் வங்கியில் பல வருஷம் வேலை பார்த்தார், கார் ஓட்டினார், கோல்ஃப் ஆடினார், உலகம் சுற்றினார். எண் ஆசை மட்டும் போகவே இல்லை. தெரிந்தவர்களுக்கெல்லாம் ஆளுக்கு ஒரு எண் வைத்திருந்தார். 2023 ஜூனில், 89-ஆம் வயதில் காலமானார். அந்த ஊர் அவரை அப்படியே ஏற்றுக்கொண்டதும், குடும்பத்தில் வசதி இருந்ததும் பெரிய துணை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

நம் வீட்டில் என்ன செய்யலாம்?

விழுப்புரத்துப் பையனிடம் திரும்புவோம். முதல் வேலை, ஒரு புது நோட்டு வாங்கிக் கொடுப்பது. சிரிக்காதீர்கள், நிஜமாகத்தான் சொல்கிறேன். பேச்சு நின்றுபோன பிள்ளையிடம் திரும்பப் பேச்சை ஆரம்பிக்க அதைவிட நல்ல இடம் கிடையாது.

பிறகு அந்த ரயிலிலேயே மற்ற பாடங்களை ஏற்றுங்கள். எழும்பூரிலிருந்து திண்டிவனம் சுமார் 122 கிலோமீட்டர், விழுப்புரம் சுமார் 159. நடுவில் எவ்வளவு? கழித்தல் கணக்கு வந்துவிட்டது. மதுரை எந்த மாவட்டம்? வழியில் எந்த ஆறு? 'பயணிகள் கனிவான கவனத்திற்கு' என்று அறிவிப்பு எழுதச் சொன்னால் தமிழ்க் கட்டுரை. நோட்டைப் பிடுங்கினால் வராத படிப்பு நோட்டுக்குள்ளேயே கொஞ்சம் வரும்.

பேச்சைக் கொடுத்து வாங்கவும் இதிலேயே பழக்கலாம். "நீ ரெண்டு ரயில் சொல்லு, அப்புறம் ஆயா ஒண்ணு சொல்லுவாங்க, நீ கேக்கணும்." ஆயா தன் கல்யாணத்துக்கு வந்த மீட்டர் கேஜ் ரயிலைச் சொல்லட்டும். ஆரம்பத்தில் பிள்ளை பாதியில் எழுந்து போவான். பரவாயில்லை. இங்கிலாந்தில் 2006-ல் இதே யோசனையில் ஒரு கார்ட்டூன் படம் எடுத்தார்கள். கேம்பிரிட்ஜ் பேராசிரியர் சைமன் பேரன்-கோஹன் குழு. ரயில், டிராம், கேபிள் கார் ஆகியவற்றுக்கு உண்மையான மனித முகங்களை ஒட்டி, சிரிப்பு, கோபம், பயம் என்று உணர்ச்சிகளைக் காட்டினார்கள். நான்கிலிருந்து ஏழு வயதுக் குழந்தைகள் நாலு வாரம் பார்த்ததில், மற்றவர் முகத்திலுள்ள உணர்ச்சியை அடையாளம் சொல்வதில் நல்ல முன்னேற்றம். மனித முகத்தைப் பார்க்காத பிள்ளை ரயிலின் முகத்தைப் பார்க்கிறது!

அதற்காக நாள் பூராவும் ரயில்தானா என்று அம்மா கேட்பது நியாயம். நேரம் வைக்கலாம். ஆனால் திடீரென்று "போதும், எழுந்திரு" என்று நிறுத்தாதீர்கள். பள்ளி விட்டு வந்ததும் அரை மணி நேரம், சாப்பாட்டுக்கு அப்புறம் அரை மணி நேரம் என்று சுவரில் எழுதி ஒட்டி, முடிய ஐந்து நிமிஷம் இருக்கும்போது சொல்லிவிடுங்கள். தண்டனையாக மட்டும் இந்த நேரத்தைப் பிடுங்கக்கூடாது. மார்க் குறைந்தது என்று பிள்ளையின் தூக்கத்தைப் பிடுங்குவோமா?

இன்னொன்று, காட்சிப்பொருள் ஆக்குவது. "எங்க, அங்கிளுக்கு 12637 என்ன ரயில்னு சொல்லு." நானும் ஒரு கல்யாண வீட்டில் இப்படி ஒரு பிள்ளையைக் கேட்டுக் கைதட்டியவன்தான். அரை மணி நேரம் சுற்றி நின்று கேட்டோம். அப்புறம் பந்திக்குப் போனோம். அந்தப் பிள்ளையோடு சேர்ந்து சாப்பிட ஒருவரும் உட்காரவில்லை.

இத்தனை ஞாபகசக்தி இருக்கிறதே, உள்ளே ஒரு மேதை ஒளிந்திருக்கிறானோ என்று எதிர்பார்ப்பதும் வேண்டாம். 1988-ல் 'ரெயின் மேன்' என்ற ஹாலிவுட் படம் வந்ததிலிருந்து இந்த நினைப்பு உலகம் பூராவும் பரவிவிட்டது. அபூர்வத் திறமை உள்ளவர்கள் ஆட்டிசத்தில் ஒரு சிறு பகுதிதான். ரயில் பிடிக்கும் என்பதால் ரயில்வே வேலை கிடைத்துவிடும் என்று யாராவது ஆசை காட்டினால் நம்பாதீர்கள். சிலருக்கு ஆசையே தொழிலாகும். பலருக்கு அது சாயங்காலத்துச் சந்தோஷமாக மட்டுமே இருக்கும். அதுவும் போதும்.

கவனமாக இருக்க வேண்டிய இடங்கள்

சில ஆசைகளில் ஆபத்து உண்டு. ரயில் ஆசை பிள்ளையைத் தண்டவாளத்துக்கே கூட்டிக்கொண்டு போய்விடும். தண்ணீர் ஆசை ஏரிக்கும் கிணற்றுக்கும் இழுக்கும். வாசல் கதவுக்கு எட்டாத உயரத்தில் தாழ்ப்பாள் போடுங்கள். பெற்றோர் போன் நம்பரை அட்டையில் எழுதிச் சட்டைக்குள் மாட்டிவிடுங்கள். ஸ்டேஷன் மாஸ்டரிடமும், ரயில்வே போலீசிடமும், பிளாட்பாரத்து டீக்கடைக்காரரிடமும் பிள்ளையை ஒருமுறை நேரில் காட்டி, "இவன் தனியா வந்தா எங்களைக் கூப்பிடுங்க" என்று சொல்லிவையுங்கள். காணாமல் போனால் வீட்டில் தேடி நேரத்தை வீணாக்காமல், அவனுக்குப் பிடித்த இடத்துக்கு முதலில் ஓடுங்கள். குழந்தைகளுக்கான 1098, ரயில்வேயின் 139 இரண்டும் மனப்பாடமாக இருக்கட்டும்.

அடுத்தது வயது. பஸ்ஸில் பக்கத்தில் நிற்பவரின் வளையலைத் தொட்டுப் பார்க்கிறான் ஒரு பிள்ளை. ஐந்து வயதில் சிரிப்பார்கள். பதினைந்து வயதில் அடிப்பார்கள். நம் பிள்ளை மாறவில்லை, பார்க்கிற கண் மாறிவிட்டது. அதனால் ஐந்து வயதிலேயே, "கண்ணால பாக்கலாம், கையால தொடக்கூடாது" என்று ஒரே மாதிரிச் சொல்லிச் சொல்லிப் பழக்குங்கள். தொட்டுப் பார்க்க வீட்டில் ஒரு டப்பா நிறைய வளையல் வாங்கி வையுங்கள்.

எங்கே போவது?

ஒரு வயதாகியும் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாதது, ஒன்றரை வயதாகியும் வேண்டியதை விரலால் சுட்டிக்காட்டாதது, வந்த பேச்சு நின்றுபோவது, இவை தெரிந்தால் 'அவங்க அப்பாவும் லேட்டாத்தான் பேசினார்' என்று காத்திருக்க வேண்டாம். ஆசை ஒன்றை மட்டும் வைத்து ஆட்டிசம் என்று முடிவுகட்டவும் வேண்டாம்.

விழுப்புரம், திண்டிவனம் பக்கத்தவர்களுக்கு முண்டியம்பாக்கத்தில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. புதுச்சேரி ஜிப்மர் பக்கம்தான். பயிற்சிகளுக்கு, சென்னைக்குப் போகும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காட்டில் மத்திய அரசின் பல்வகை ஊனமுற்றோருக்கான தேசிய நிறுவனம் உள்ளது. 1995-ன் சட்டத்தில் ஆட்டிசத்துக்கு இடமே இல்லை. 2016-ல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் அதுவும் ஒன்று. சான்றிதழ் வாங்கிவைத்தால் தேர்வில் கூடுதல் நேரம் போன்ற சலுகைகளுக்கு உதவும். தேசிய அறக்கட்டளையின் 'நிராமயா' திட்டத்தில் ஒரு லட்சம் ரூபாய் வரை மருத்துவக் காப்பீடும் இருக்கிறது.

ஆட்டிசத்தைப் போக்கவென்று எந்த மாத்திரையும் கிடையாது. தூக்கமின்மை, வலிப்பு, தன்னையே காயப்படுத்திக்கொள்வது போன்றவற்றுக்கு டாக்டர் மருந்து தரலாம். ஸ்டெம் செல் ஊசி என்று லட்சக்கணக்கில் கேட்டால், நகையை அடகு வைக்கப் போகாதீர்கள்.

டாக்டரைப் பார்க்கப் போகும் முன், ஒரு வாரம் பிள்ளையைக் கவனித்து எழுதிக்கொண்டு போங்கள். எப்போது தூங்குகிறான், எந்தச் சத்தத்துக்குக் காதைப் பொத்துகிறான், எதைப் பார்த்தால் முகம் மலர்கிறது, அதில் எவ்வளவு நேரம் இருக்கிறான், நிறுத்தினால் என்ன ஆகிறது. பிள்ளைக்கும் ஒரு தாள் எழுதிக் கொடுங்கள். எத்தனை மணிக்குக் கிளம்புகிறோம், எந்த ரயில் அல்லது எந்தப் பஸ், வழியில் என்னென்ன ஊர், டாக்டர் அறையில் எவ்வளவு நேரம், திரும்ப எதில் வருகிறோம் என்று வரிசையாக. பாதி அழுகை வாசலிலேயே நின்றுவிடும்.